வந்துக்கிட்டே இருக்கு

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற தெருவில் அவர் கடை வைத்திருந்தார். தண்ணீர் இறைக்கிற பம்பு, மருந்தடிக்கிற மெஷின், மரம் அறுக்கிற மெஷின் எல்லாம் அங்கே விற்கும். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அந்தச் சொல்லும் அவருக்கு வேண்டாம்.

ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு, தோளில் ஒரு மஞ்சள் துணி. கடைக்குள் யார் நுழைந்தாலும் அந்தத் துணியால் ஸ்டூலை இரண்டு தட்டுத் தட்டி, "இங்கன உக்காருங்க" என்பார். ஸ்டூலில் தூசியே இருக்காது. ஆனாலும் தட்டுவார். கரித்தூள் ஏறிய சேலையைக் கட்டிக்கொண்டு போகிற என்னைப் போன்றவளுக்கு ஒருவர் ஸ்டூலைத் தட்டிப் போட்டால் மனசு என்ன ஆகும்? அங்கேயே பாதி கவிழ்ந்துவிடும்.

மீதிப் பாதி அவர் பேச்சில் கவிழும். அந்த மனுஷன் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. பிச்சை கேட்டு வந்த கிழவரிடம் சில்லறை இல்லையென்று சொல்ல மாட்டார், "வெள்ளிக்கிழமை வாங்க பெருசு, சேத்துத் தாரேன்" என்பார். கடையில் கிடையாத சாமானை யாராவது கேட்டால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சொந்தத் தம்பி ஊரிலிருந்து வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வந்துக்கிட்டே இருக்கு" என்பார். அதைக் கேட்டவர்கள் சிரித்த முகத்தோடுதான் படி இறங்கிப் போவார்கள்.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். அரிசியோ உப்போ விளக்கெண்ணெயோ தீர்ந்துபோனால் எங்கள் அம்மா அதை இல்லை என்று சொன்னதே கிடையாது. "உப்பு நெறஞ்சிருச்சு, வாங்கிட்டு வா" என்பாள். வீட்டுக்குள் இல்லை என்று வாய் விட்டால் அந்தப் பொருள் அந்த வீட்டுக்குள் தங்காது என்பது அவள் நம்பிக்கை. நானும் அப்படியே பழகிவிட்டேன். கல்யாணமாகி வந்த வீட்டிலும் என் வாயில் வேறு வார்த்தை வந்ததில்லை. என் வீட்டுக்காரர் கேலி செய்வார். "பானை காலின்னு சொல்லேன், என்ன கொறஞ்சு போச்சு?" என்பார். நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர் கமுதிப் பக்கம். மிளகாயும் பருத்தியும் மழையை நம்பித்தான். மழை ஏமாற்றுகிற வருஷங்களில் சீமைக்கருவைதான் எங்களுக்குச் சோறு போடும். கருவையை வெட்டி, கட்டைகளைக் குவித்து அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பை மெல்லக் கனியவிட்டால் கரியாகும். மூட்டம் போடுவது என்போம். அந்த வருஷம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் காடாக மண்டிக் கிடந்த கருவையை நாங்கள் ஏலத்தில் எடுத்திருந்தோம். மழை இறங்குவதற்குள் வெட்டி வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டால் நிற்கிற மரம் எங்களுக்குக் கிடையாது, ஊருக்கு. அதுதான் பேச்சு.

வெட்டுவதற்கு ஆள் தேடினால், அரிவாள் பிடிக்கிற கையெல்லாம் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டிருந்தது. நானும் வீட்டுக்காரரும்தான் மிச்சம். அவருக்கு ஏற்கெனவே தோள்பட்டை வலி. "மெஷின் ஒண்ணு வாங்கிருவம். ஒரு கூட்டமே வெட்டுற வேலைய அது ஒண்டியாச் செய்யுமாம்" என்றார். வீட்டு ஆடுகளை விற்றோம். ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினோம்.

முதலில் போனது இவருடைய கடைக்கு அல்ல. எதிர்ப்பக்கம் இன்னொரு கடை இருந்தது. அங்கே இருந்தவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"கருவைக்கா? இந்தச் சின்ன மெஷின் தாங்காது. பெரிய மெஷின் இப்ப இல்ல. ஸ்பேரும் இங்க இல்ல, ஒண்ணு போனா மதுரைக்குத்தேன் போகணும். ரிப்பேர் பாக்க ஆளும் இல்ல."

காலங்கார்த்தால, ஆட்டை விற்ற காசை மடியில் கட்டிக்கொண்டு ஒரு நல்ல காரியத்துக்கு வந்து நிற்கிறோம். ஒரே மூச்சில் மூன்று 'இல்லை'. வீட்டுக்காரர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டேன்.

"எடுத்த எடுப்புலயே இப்படி வாய் வைக்கிறாரு. இந்தக் கடையில வாங்குனா வெளங்குமா?" என்றேன்.

தெருவைத் தாண்டினோம். மஞ்சள் துணி ஸ்டூலைத் தட்டியது.

"கருவைக்குத் தாங்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"கருவையா? தங்கச்சி, இது கல்லையே அறுக்கும்."

"ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம்?"

"வந்துக்கிட்டே இருக்கு."

எதிர்க்கடைக்காரர் சொன்ன அதே பதில்தான் இது. அவர் கசப்பாகச் சொன்னதை இவர் இனிப்பாகச் சொன்னார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

வீட்டுக்காரர் கொஞ்சம் விவரமான ஆள். காசைக் கொடுத்துவிட்டு, பில் வேண்டும் என்று கேட்டார். இவர் பதறிப் போனார். எங்களை ஏதோ சொல்லக்கூடாததைச் சொன்னவர்கள் மாதிரிப் பார்த்தார்.

"என்ன மாப்ள நீங்க? தங்கச்சி வீட்டுக்குச் சாமான் அனுப்புறவன் பில்லு போட்டா அனுப்புவான்? இத ஒரு சீருன்னு நெனச்சுக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

"அதுக்கில்ல, வாரண்டி கிரண்டின்னு..."

"நாந்தேன் வாரண்டி" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

முழு விலையையும் எண்ணி வாங்கிக்கொண்டு அதைச் சீர் என்று சொன்ன அண்ணன் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு அழுகை வந்தது. எனக்கு உடன்பிறந்தவர் கிடையாது. சீர் கொண்டுவர ஆளில்லை என்று மாமியார் வீட்டில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமா? அண்ணன் முறை சொல்லி ஒருவர் நெஞ்சில் தட்டும்போது, எழுதிக் கொடு என்று கேட்க எந்தத் தங்கச்சிக்கு நாக்கு வரும்? வீட்டுக்காரர் மறுபடி வாயெடுத்தபோது நான்தான் அவர் காலை மிதித்தேன்.

மெஷின் செக்கச்செவேல் என்று இருந்தது. சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கண்மாய்க்குள் கொண்டுபோனோம். கயிற்றை இழுத்ததும் அது போட்ட சத்தத்தில் காக்காயெல்லாம் பறந்தது. முதல் மரம் விழுந்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள். "எங்க அண்ணன் கடை மெஷினு" என்று நான் பீற்றிக்கொண்டேன்.

சில நாள்தான். பிறகு மரத்தை அறுக்கிற செயின் தொளதொளவென்று தொங்கியது. இறுக்கினால் சூடேறிப் புகைந்தது. செயினுக்கு எண்ணெய் ஊட்டுகிற துவாரத்தில் எண்ணெயே வரவில்லை. கிழட்டு ஆடு மாதிரி இருமிவிட்டு நின்றுவிடும். ஒருநாள் வீட்டுக்காரர் கயிற்றை இழுத்தபோது கயிறு மொத்தமும் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! வெட்டின மரத்தைவிட மெஷினைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம்.

மெஷினைச் சாக்கில் கட்டி ராமநாதபுரம் கொண்டுபோவோம். அவர் மஞ்சள் துணியால் அதைப் பிள்ளையைத் துடைப்பது போலத் துடைப்பார். எதையோ திருகுவார். இழுப்பார். அங்கே அது கண்டிப்பாக ஓடும். கடையில் ஓடுகிற மெஷின் கண்மாயில் ஓடாது, அது அப்படி ஒரு ஜென்மம்.

"புதுச் செயின் போட்டா எல்லாம் சரியாயிரும் தங்கச்சி. மதுரையில ஏத்தியாச்சு."

அடுத்த தடவை போனால், "மானாமதுரைக்கு வந்துருச்சு." அதற்கடுத்த தடவை, "பரமக்குடி தாண்டியாச்சு." எங்கள் செயின் நடந்தே வந்திருந்தால்கூட ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு ஊர் திரும்பியிருக்கும்.

ஒருநாள் அங்கே தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாட்டுப்படகு வைத்திருப்பவர். கடலுக்குப் போகாமல் ஏதோ ஒரு பம்புச் சாமானுக்காக அவரும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். கடைக்காரர் டீ சொல்ல வெளியே போன நேரம் அவர் என்னிடம் கேட்டார்.

"உங்க சாமான் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"பரமக்குடி தாண்டிருச்சாம்."

"பரவாயில்லயே! நம்ம சாமான் இன்னும் திருச்சியிலயே நிக்கிது" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். "இவருக்கிட்ட போயி கடல்ல தண்ணி இருக்கான்னு கேட்டாக்கூட வந்துக்கிட்டே இருக்குன்னுதேன் சொல்லுவாரு. ஆனா மனுசன் தங்கம். வையவும் மனசு வர மாட்டேங்குது."

அதுதான் அவரிடம் இருந்த வம்பு. வைய முடியாது. கோபத்தைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், அவர் கடைப்படியிலேயே விட்டுவிட்டுத் திரும்புவோம். மத்தியானமாகிவிட்டால் தூக்குச்சட்டியைத் திறந்து தன் புளிச்சோற்றை எங்களுக்குப் பாதி வைத்துக் கொடுப்பார். நான் வேண்டாம் என்றால், "அண்ணன் வீட்டுச் சோறு எறங்காதா?" என்பார். அந்தச் சோற்றை நடிப்பு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அவர் நிஜமாகவே பசியாற்றித்தான் அனுப்பினார்.

வானம் மேற்கே கறுக்க ஆரம்பித்திருந்த நாளில் அவரே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். செயின் வந்துவிட்டதாம். ஓடினோம். மேஜை இழுப்பறையைத் திறந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு செயினை எடுத்து நீட்டினார். டப்பா கிடையாது, கவர்கூடக் கிடையாது.

"புதுசுதானாண்ணே?" என்று கேட்டேன்.

"வந்து எறங்குன சூடு இன்னும் ஆறவே மாட்டேங்குது தங்கச்சி" என்றார். அவரே மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள், ஒரு பெருத்த தூரில் வீட்டுக்காரர் மெஷினை வைத்து அழுத்தியபோது அந்தச் செயின் அறுந்து தெறித்தது. முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து தொங்கியது. என் சேலையைக் கிழித்துக் கட்டி, கரிமூட்டை ஏற்றுகிற வண்டியிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காலை எடுக்க வேண்டியது வராது என்று டாக்டர் சொல்கிறவரைக்கும் எனக்கு மூச்சு எங்கே போய் வந்தது என்றே தெரியாது.

கேள்விப்பட்டு அவர் வந்தார். சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூக்கு சிந்தி, மஞ்சள் துணியில் துடைத்து, நிஜக் கண்ணீரோடு அழுதார்.

"கம்பெனிக்காரன சும்மா விடக்கூடாது மாப்ள. அவன் வரட்டும். நானே பக்கத்துல நின்னு சொல்றேன். வித்தவன் நான், நான் சொன்னா அவன் கேட்டுத்தேன் ஆகணும்."

அவர் போன பிறகு வீட்டுக்காரர் சொன்னார். "பாத்தியா? ஒங்கூடப் பெறந்திருந்தாக்கூட இப்படி வந்து அழுதிருப்பானா?" பில் கேட்ட மனுஷனே இப்படிச் சொன்னால் நான் எந்த மூலை?

மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு போன் நம்பர் இருந்தது. அங்கே பேசுவது ஒரு தனிப் பாடு. முதலில் ஒரு பொண்ணு இங்கிலீஷில் பேசும். அப்புறம் இந்தியில் பேசும். அப்புறம் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று தமிழில் சொல்லிவிட்டு வாத்தியம் வாசிக்க ஆரம்பித்துவிடும். செல்லில் போட்ட காசெல்லாம் வாத்தியம் கேட்டே தீர்ந்தது. விடாமல் அடித்தேன். கடைசியில் ஒரு மனுஷக் குரல் கிடைத்தது. கால் கிழிந்த கதையைச் சொன்னதும் அந்தக் குரல் கொஞ்சம் பயந்தது. மதுரையிலிருந்து ஆளை அனுப்புவதாகவும், வாங்கின கடைக்கு மெஷினை எடுத்து வரும்படியும் சொன்னது.

போனேன். வீட்டுக்காரர் நடக்க முடியாததால் நான் மட்டும்தான். கம்பெனி ஆள் சின்ன வயசுப் பையன், கழுத்தில் டை கட்டி, பையோடு வந்திருந்தார். மஞ்சள் துணி அவருக்காக ஸ்டூலைத் தட்டியது. நான் மெஷின் சாக்கோடு நின்றுகொண்டிருந்தேன்.

பையன் நல்ல மாதிரி. "பில் வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பில்லு வாங்கலய்யா. அண்ணன் கடைன்னு..."

"பரவால்லம்மா. இது நான் வித்த மெஷின்னு டீலர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். புது மெஷின் மாத்திக் குடுத்துடுவோம். ஆஸ்பத்திரிச் செலவையும் எழுதி அனுப்பறேன்."

எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. ஒரு வார்த்தைதானே! மழை இன்னும் இறங்கவில்லை. புது மெஷின் வந்தால், கூலிக்கு ஓட்ட ஒருவனைப் பிடித்தாவது கண்மாயை முடித்துவிடலாம் என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டேன்.

பையன் சாக்கைப் பிரித்தார். அறுந்த செயினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது எங்க செயினே கிடையாதே. ஏதோ பழசை ஒட்டிப் போட்டது. இதை மாட்டிக் குடுத்த கடை எதுவா இருந்தாலும் அந்தக் கடைக்கு ஏஜென்சி போயிடும்." பிறகு அவரைப் பார்த்துக் கேட்டார். "சார், இது உங்க கடையில வித்த மெஷினா?"

நான் கவலையே படவில்லை. அவரிடம் யார் எதைக் கேட்டாலும் வருகிற பதில் எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன் அல்லவா அவர்!

அவர் தோளிலிருந்து துணியை எடுத்தார். மேஜையை ஒருமுறை துடைத்தார்.

"இல்ல சார்" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"இந்தம்மா வேற எங்கயோ வாங்கிட்டு, ரிப்பேர் பாத்துத் தாங்கன்னு இங்கன வந்து நின்னாக. பாவமேன்னு தொடச்சுக் குடுத்தேன். அம்புட்டுத்தேன். வித்தது நானு இல்ல."

இந்தம்மா. அத்தனை நாள் தங்கச்சியாக இருந்தவள் நான். "அண்ணே" என்று கூப்பிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பையன் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவர் கையில் எழுத்தாக எதுவும் இல்லையே. "சாரிம்மா" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

சண்டை போட்டிருக்கலாம். தெருவைக் கூட்டியிருக்கலாம். என் வாய் எங்கள் ஊரில் பிரசித்தம். அன்றைக்கு அது ஒட்டிக்கொண்டது. மெஷின் போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு செயினுக்கு, ஒரு நட்டுக்கு, பிச்சைக்காரருக்குக் கொடுக்கிற சில்லறைக்குக்கூடச் செலவழிக்காமல் அந்த மனுஷன் பொத்திப் பொத்தி வைத்திருந்த வார்த்தையை எனக்கென்று எடுத்துச் செலவழித்துவிட்டாரே என்றுதான் நெஞ்சு எரிந்தது. எதிர்க்கடைக்காரர் பேப்பருக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் முதல் நாளே என் முகத்துக்கு நேராகச் சொன்ன மனுஷன் அவர். அவரைப் பார்க்கக் கூசி, தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அதற்கப்புறம் மழை கொட்டியதும், கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததும், எங்கள் கருவையில் பெரும்பகுதி இடுப்பளவுத் தண்ணீரில் பச்சைப் பசேல் என்று நின்றதும் ஊருக்கே தெரியும். வீட்டுக்காரர் இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். கடையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது மட்டும் யாருக்கும் தெரியாது.

சாக்கை வாசலில் போட்டேன். வீட்டுக்காரர் காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் ஆவல்.

"என்னைக்கு மாத்தித் தாராகளாம்?"

"தர மாட்டாக. நான் விக்கவே இல்லன்னு சொல்லிட்டாரு."

"யாரு, கம்பெனிக்காரனா?"

"அவருதேன்."

வீட்டுக்காரர் சிரித்தார். கால் வலியோடும் நன்றாகச் சிரித்தார்.

"போடி. அவரு வாயில அது வருமா? நீ என்னத்தையோ கேட்டுட்டு வந்து சொல்ற. வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லியிருப்பாரு."

நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். இந்தம்மா என்றதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், நம்புகிற ஆட்டம் அல்ல. "எதுக்கும் நாளைக்கு நான் ஒரு போனு போட்டுக் கேக்குறேன்" என்றார். ஆஸ்பத்திரியில் தன் கையைப் பிடித்து அழுத ஒருவரை அவரால் எப்படி விட முடியும்?

உலை வைக்க எழுந்து உள்ளே போனேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டால் விரல் அடியில் தட்டியது. அதிலேயே கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன அங்கன சத்தத்தையே காணோம்?" என்று அவர் கேட்டார்.

"அரிசி இல்ல" என்றேன்.

வெளியே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு அவர் போனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.